இணைய இணைப்பே இல்லாத வளரும் நாடுகளில் அந்தக் காலத்தில் மின்னஞ்சல் எப்படிப் போய்வந்தது?

இணைப்பு இருந்தது, எந்நேரமும் இல்லை, அவ்வளவுதான். பகலெல்லாம் எழுதிய கடிதங்களைக் கணினி சேர்த்து வைத்துக்கொள்ளும். இரவில் மோடம் (கணினியைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) ஒரு வெளிநாட்டு எண்ணுக்கு போன் போடும். சில நிமிடங்களில் இங்கிருப்பது அங்கே போய், அங்கே காத்திருப்பது இங்கே வந்துவிடும். உடனே லைனைத் துண்டித்துவிடும். உங்கள் டொமைனுக்கு (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) வரும் கடிதத்தை எந்தக் கணினி வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு அந்த வெளிநாட்டுக் கணினியைக் காட்டும். அதனால் உலகத்திலிருந்து வரும் கடிதமெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும்.

இந்த வேலைக்கு, யூனிக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தவர்களுக்கு யூயூசிபி என்ற பரிமாற்ற முறை. இந்தியக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட்டின் ஆரம்ப நாட்களில் பம்பாயின் மென்பொருள் ஆய்வு மையமான என்சிஎஸ்டிக்கும் ஐஐடிக்கும் இடையே ஓடியது இதுதான். சாதாரண பிசியும் டாஸும் மட்டும் இருந்தவர்களுக்கு, 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்; பிசிகள் ஒன்றையொன்று போனில் அழைத்துக் கடிதம் மாற்றிக்கொள்ளும் வலையமைப்பு. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகம் இதன் மூலம், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த கணினிப் பொறியாளர் ராண்டி புஷ் வீட்டுக் கணினி வழியாகத்தான் வெளியுலகை எட்டியது. ஆப்பிரிக்கத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு வாசல் லண்டனின் கிரீன்நெட் என்ற கணினி வலையமைப்பு.

மோடத்தை அப்படியே செருகினால் வேலை நடக்காது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எண்ணை ஒலியாக அனுப்பும் டோன் புரியாது, மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளையில் ஏடிடிடிக்குப் பதில் ஏடிடிபி போட்டு, துடிப்புகளாக அனுப்பும் பல்ஸில் டயல் செய்ய வேண்டும். அந்த ஊர் டயல் டோனை மோடம் அடையாளம் காணாமல் 'டயல் டோன் இல்லை' என்று நின்றுவிடும். எக்ஸ்3 என்ற கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். எதிர்முனை இணைய எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மோடத்துக்குச் சொல்லும் எஸ்7 ரெஜிஸ்டரில் பொதுவாக 50 விநாடி இருக்கும். வெளிநாட்டு அழைப்பு மணி அடிக்கவே அதில் பாதி போய்விடும் என்பதால் 90க்கு மேல் வைப்பார்கள். உள்ளூரிலிருந்து வெளியே பேசும் கட்டணம் அதிகம் என்றால் எத்தனையாவது மணியில் அழைப்பை எடுப்பது என்று சொல்லும் எஸ்0ஐ 1 ஆக்கி, எதிர்முனையையே அழைக்கச் சொல்வது லாபம்.

பலரைக் குழப்பிய சிக்கல் வேறு. விநாடிக்கு 2400 பிட் மோடத்தைத் தூக்கிவிட்டு 9600 வாங்கினாலும் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. காரணம் லைன் இல்லை, யூயூசிபி தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் 'ஜி' நெறிமுறை. 64 பைட் பாக்கெட், பல யூனிக்ஸ்களில் ஒரே தடவையில் 3 பாக்கெட். 192 பைட் அனுப்பிவிட்டு 'வந்தது' என்ற பதிலுக்குக் கைகட்டி நிற்கும். செயற்கைக்கோள் வழிப் போனில் பதில் திரும்ப அரை விநாடிக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 310 பைட்; 9600 மோடம் தரக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே தடவையில் போகும் பாக்கெட் எண்ணிக்கையை உச்சவரம்பான 7க்கு ஏற்றினால் விநாடிக்கு 700 பைட்டைத் தாண்டும். டெலிபிட் டிரெயில்பிளேசர் மோடம் பேர் வாங்கியதும் இதனால்தான்: எதிர்முனைக்குக் காத்திராமல், பக்கத்தில் இருக்கும் மோடமே 'வந்தது' என்று கணினிக்குச் சொல்லிவிடும். இரைச்சல் லைனிலும் தாக்குப்பிடிக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

அடுத்தது பெரிய கோப்பு. 100 கேபி கோப்பை யூயூஎன்கோட் செய்தால் (கடிதத்தில் போக எழுத்துகளாக மாற்றினால்) 138 கேபி அளவுக்கு வீங்கும். 2400இல் அதற்குப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் லைன் அறுந்தால் பழைய யூயூசிபி முதலிலிருந்து தொடங்கும். மறுநாள் இரவும் அதே கதை. பின்னால் நிற்கும் இரண்டு வரிக் கடிதங்கள் நாள்கணக்கில் நகராது, போன் பில் மட்டும் ஏறும். கோப்பை 50 கேபி துண்டுகளாக வெட்டி, வரிசையில் கடைசிக்குத் தள்ளுவதுதான் வழி.

இந்த இடத்தில் ஃபிடோநெட்டுக்கே என் ஓட்டு. அதன் மென்பொருள்கள் பயன்படுத்திய இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை, அறுந்த இடத்திலிருந்தே தொடரும். யூனிக்ஸ்காரர்கள் அதைப் பொழுதுபோக்குப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள்; ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்காத லைனில், ஒரு பழைய பிசியும் மோடமும் அவர்களின் இயந்திரத்தைவிட ஒழுங்காகக் கடிதம் கொண்டுவந்து சேர்த்தன.