புல்லை விட்டுவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

மே மாதம் கோத்தகிரியில் ஒரு வாரம் இருந்தோம். திரும்பி வரவே மனமில்லை. வேலையை விட்டுவிட்டு அங்கேயே அரை ஏக்கர் வாங்கி, சூரிய மின்சாரம், சொந்தக் காய்கறி என்று வாழலாமா என நானும் மனைவியும் யோசிக்கிறோம். பார்த்துவைத்திருப்பது ஒரு புல் சரிவு. முதல் வருடமே 500 மரக்கன்றுகள் நடுவதாகத் திட்டம். பிள்ளைகள் படிப்பு ஒன்றுதான் கவலை. என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

பிள்ளைகள் படித்துவிடுவார்கள், அந்த மலைக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. சூரியத் தகடு ஆடி மூட்டத்தில் என்ன பாடு படுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். என்னை உசுப்பிவிட்டது அந்த 500 கன்றுதான். அரை ஏக்கரில் 500 என்றால் ஆறேழு அடிக்கு ஒன்று. கத்தரிக்காயை எங்கே வைப்பீர்கள், கூரை மேலா?

புல்லைக் கண்டால் மரம் நடத் துடிக்கும் இந்தக் கை வெள்ளைக்காரன் கை. நீலகிரி உச்சிப் புல்வெளிகளைத் தரிசென்று எழுதிவைத்து, விறகுக்காக 1840களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்தான். விடுதலைக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் நாமே அதை மலை மலையாகப் பரப்பினோம். மேட்டில் புல், மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு என்பதுதான் அந்த மலையின் அமைப்பு. உறைபனி கருக்கும் மேட்டில் சோலைக் கன்று தலையெடுக்காது. புல்தான் மழையை மண்ணுக்குள் இறக்குகிறது. சதுப்பு அதை வாங்கிவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக விடுகிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் எழுபதுகளில் தொடங்கி ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் வைத்துப் பத்தாண்டு அளந்து பார்த்தார்கள். ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. அந்தப் பக்கத்துப் பைக்காரா ஆறுதான் கீழே மாயாறாகிப் பவானிசாகர் அணைக்குப் போகிறது. கோபிச்செட்டிபாளையத்து நெல்லுக்கும் இதில் பங்குண்டு.

நீலகிரியில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) நண்பனின் அம்மா என்னைத் தேயிலைக்குக் கீழே ஊற்றடிக்குக் கூட்டிப்போனார். கல்தொட்டியில் காய்ந்த கற்பூர இலைதான் கிடந்தது. "மரம் வச்சா தண்ணி வரும்னாங்க, இப்ப பங்குனியிலேயே வத்திப்போகுது" என்றார். பிறகு எதிர்ச்சரிவுக்கு ஏறினோம். அங்கே இன்னும் புல் இருந்தது. நுனியெல்லாம் வைக்கோலாகச் சருகாகியிருந்த ஒரு தூரை விலக்கி, என் விரலைப் பிடித்து உள்ளே அழுத்தினார். கறுத்த மண், சில்லென்று ஈரம். அம்மாவுக்கு மண்ணறிவியல் தெரியாது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்தது கோடை மழை நனைத்த மே மாதம், அது எல்லோரையும் மயக்கும். பணத்தை நீட்டுவதற்கு முன் மாசி, பங்குனியில் குடும்பத்தோடு போய் வாடகைக்கு இருங்கள். எந்த வீட்டுக்காரர் எங்கிருந்து குடம் சுமக்கிறார் என்று பாருங்கள். உங்கள் ஆசையைக் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். இந்த வயதில் வேலையை உதறத் துணிபவர்களை எனக்குப் பிடிக்கும். கை அரித்தால், மழை விட்டதும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் துளிர்க்கும், விதையோ மண்ணுக்குள் பல வருடம் தூங்கும். ஆக உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குப் பின்னால் நாலு பேரி, ரெண்டு பிளம்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.