வீட்டில் ஆளுக்கொரு ரசனை என்றால் யாருக்கு எந்தத் தமிழ்ப் புத்தகம்?

கேள்வி இதுதான்: ஆறாம் வகுப்புப் பெண், பிளஸ் ஒன் போகும் பையன், தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் அக்கா, குடும்ப நாவல் மட்டுமே படிக்கும் அம்மா, ஓய்வுபெற்ற அப்பா. ஆளுக்கு ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? பாதியில் மூடி வைத்தது எது, எந்த இடத்தில்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அதிக விவரம் இருக்கும். ‘பொன்னியின் செல்வ’னை விட்டவருக்குப் பெரும்பாலும் பெயர்களும் உறவுமுறைகளும் குழம்பியிருக்கும், அவருக்குப் பாத்திரங்கள் குறைவான கதை வேண்டும். ‘கோபல்ல கிராம’த்தை விட்டவருக்குக் கரிசல் பேச்சு பிடிபட்டிருக்காது. ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளை விட்டவர் கதையைத் தேடியிருப்பார், அந்த நாவலில் அவர் தேடிய மாதிரிக் கதை கிடையாது. மூன்று பேரும் “எனக்குப் படிக்கவே வராது” என்றுதான் சொல்வார்கள். மூன்று பேருக்கும் தேவை வேறு வேறு.

பிளஸ் ஒன் பையனிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் தவறு நடப்பது இந்த வயதில்தான். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் கட்டாக வாங்கி அவன் மேசையில் வைத்துவிடுகிறார்கள். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். வாரம் ஓர் அத்தியாயம் படிப்பவருக்கு மறந்துபோகுமே என்று நினைவூட்டிக்கொண்டே போவார், நடுவில் நிறுத்தி வரலாறும் சொல்வார். ஒரே மூச்சில் படிக்கிறவனுக்கு அது இழுவையாகத் தெரியும். கொடுப்பதானால் முதல் பாகம் ‘புது வெள்ள’த்தை மட்டும் கொடுங்கள். எட்டாம் அத்தியாயம் வரை படிக்கச் சொல்லுங்கள். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதில் தொடங்கி, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை ஒளிந்திருந்து கேட்பது, மூடுபல்லக்கில் யார் இருக்கிறார்கள் என்பது வரை அதற்குள் வந்துவிடும். அங்கே பிடித்துக்கொண்டால் மீதியை அவனே கேட்பான். பிடிக்கவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம். சரித்திரக் கதைதான் வேண்டும் என்றால் அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நல்ல தொடக்கம்: அளவில் சிறியது, ஆட்கள் குறைவு. காலவரிசைப்படி அது ‘சிவகாமியின் சபத’த்துக்குப் பின்னால் நடக்கும் கதை. ஆனால் கல்கி எழுதியது இதைத்தான் முதலில். இதையே முதலில் படிப்பதுதான் நல்லது. அதில் வரும் சிவனடியார் யார் என்ற புதிர் அப்போதுதான் புதிராக இருக்கும்.

பையனுக்குச் சரித்திரத்தில் நாட்டம் இல்லை, மொபைலும் கேமும்தான் உலகம் என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. நிலா என்ற பெண், காணாமல்போன கணவன், ஜீவா என்ற சர்வாதிகாரி, புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். வாக்கியங்கள் குட்டை, உரையாடல் அதிகம், பக்கம் சீக்கிரம் புரளும். ‘மீண்டும் ஜீனோ’ இதன் தொடர்ச்சி என்பதால் வரிசை மாறக்கூடாது. துப்பறியும் கதை கேட்டால் ‘கொலையுதிர் காலம்’. நடப்பது பேயின் வேலையா அறிவியலா என்று வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் தடுமாறுவதுதான் அதன் சுவை, எனவே பின்னட்டையைக்கூடப் படிக்காமல் தொடங்கச் சொல்லுங்கள். சுஜாதா எழுதிய எல்லாமே அந்த வயதுக்கு ஏற்றதல்ல. நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாதவனுக்கு காமிக்ஸ் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. சிவகாசியிலிருந்து 1972 முதல் வரும் முத்து காமிக்ஸும், பிறகு சேர்ந்துகொண்ட லயன் காமிக்ஸும் இன்றும் கிடைக்கின்றன. டெக்ஸ் வில்லர் கதைகளில் தமிழ் நல்ல ஓட்டமாக இருக்கும். சாதாரணக் கடைகளில் அபூர்வம். சந்தா கட்டுவது, இணையத்தில் வாங்குவது, புத்தகக் காட்சியில் அவர்கள் அரங்கைத் தேடிப் போவதுதான் வழி.

துப்பறியும் கதையில் ஊறியவரை இலக்கியத்துக்குக் கூட்டிவர எனக்குத் தெரிந்து பூமணியின் ‘வெக்கை’யை விடச் சிறந்த பாலம் இல்லை. 1982இல் வந்த நாவல். ‘அசுரன்’ படத்துக்கு மூலம் இது என்று சொன்னாலே பாதிப் பேர் கையில் எடுத்துவிடுவார்கள். முதல் பக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுச் சிதம்பரம். செத்தவன் அவன் அண்ணனைக் கொன்றவன். யார் செய்தது, ஏன் செய்தான் எல்லாம் தெரிந்த பிறகும் புத்தகத்தை மூட முடியாது. அப்பனும் மகனும் எட்டு நாள் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள்: எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, எந்தப் பக்கம் ஆள் வரும். இடையிடையே அப்பன் மகனிடம் பழைய கதைகளைச் சொல்கிறார். படத்தை மனதில் வைத்துக்கொண்டு சண்டைக்காகக் காத்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பேச்சுவழக்கு முதல் இருபது பக்கம் கொஞ்சம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் தடை பாதியாகும், ஏனென்றால் கண்ணுக்குப் புரியாத சொல் காதுக்குப் புரிந்துவிடும். ‘கோபல்ல கிராமம்’ எழுதிய கி. ராஜநாராயணனுக்கும் இதே மருந்துதான்.

ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, விலை குறைவு. ஜப்பானில் ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு பள்ளியில் தெட்சுகோ குரோயாநாகி படித்த நாட்களைப் பற்றியது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். இரவுக்கு ஓர் அத்தியாயம், முதல் வாரம் நீங்கள் படித்துக் காட்டுங்கள், பிறகு அவள் படித்து உங்களுக்குச் சொல்லட்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வையும் பலர் இந்த வயதுக்குச் சொல்கிறார்கள், சின்னப் புத்தகம், அருமையானது, ஆனால் முடிவு கனமானது. பெரியவர் யாராவது கூட இருந்து, படித்த பிறகு பேசத் தயாராக இருந்தால் மட்டும் கொடுங்கள். தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்கிற பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் வளர்பவர்களில் பலர் அப்படித்தான், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் உதவும். படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. வயதைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து வயதானாலும் எழுத்துக்கூட்டும் பிள்ளை என்றால் முதல் நிலைதான். பக்கத்துக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு நிலை இறங்குங்கள்.

ரயிலில் போகும் அக்காவுக்கு நாவலே வேண்டாம், சிறுகதைகள். ஒரு பயணத்துக்குள் ஒரு கதை முடிய வேண்டும். இல்லையென்றால் மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஊர் வந்துவிடும். கு. அழகிரிசாமியில் தொடங்கலாம். ‘அன்பளிப்பு’ கதையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் புத்தகமும் டைரியும் கொடுக்கிற ஒருவர், அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பையனை எப்படிக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்பதுதான் விஷயம். பெரிய சம்பவம் ஒன்றும் நடக்காது, ஆனால் கடைசிப் பத்தியில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அடுத்து ‘ராஜா வந்திருக்கிறார்’. பிறகு ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பு: நிஜ மனிதர்களை வைத்து எழுதப்பட்ட கதைகள். அதில் முதல் கதையில் தொடங்குவதை விட ‘சோற்றுக் கணக்கு’, ‘யானை டாக்டர்’ இரண்டையும் முதலில் படிக்கலாம். புதுமைப்பித்தனை மொத்தத் தொகுப்பாக வாங்கிக் கொடுத்தால் கனத்தைப் பார்த்தே பயம் வரும். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘ஒரு நாள் கழிந்தது’, ‘செல்லம்மாள்’ இந்த மூன்றை இந்த வரிசையில் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஒரு வாரத்தில் முடியும் குறுநாவல் கேட்டால் இரண்டு சொல்வேன். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே மாலைப்பொழுதின் கதை: தகப்பனைக் கொன்ற காரிக் காளையை அடக்க வரும் பிச்சி, காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னையில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகளைப் பற்றியது. சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அதில் விளக்கம் தேவைப்படாது.

குடும்ப நாவல் மட்டும் படிக்கும் அம்மாவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மாதம் நாலு நாவல் முடிக்கிறவருக்குப் படிக்கும் பழக்கம் உங்களை விட உறுதியாக இருக்கிறது. அவருக்குப் பிடிக்கிறது உறவுகளின் சிக்கல். அதையே இன்னும் ஆழமாகக் கொடுத்தால் போதும். நேராக ‘மோகமுள்’ளுக்குப் போனால் அதன் நிதானம் பலருக்கு ஒத்துவராது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையை முதலில் கொடுங்கள். மழையில் நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அவள் அம்மா தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை வெளியே விடாமல் காக்கிறாள். அடுத்த நாள் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கொடுங்கள். அங்கே அதே அம்மா கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்பது நாவலாக விரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் உங்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் விடமாட்டார். அதன் பிறகு தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. அளவில் சின்னது, விஷயம் சின்னதல்ல. வீட்டு வாசலைத் தாண்டிய பெண்கள் உலகம் வேண்டும் என்றால் ராஜம் கிருஷ்ணன்: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’, நீலகிரிப் படகர்களைப் பற்றிய ‘குறிஞ்சித்தேன்’. களத்துக்குப் போய்ப் பார்த்து எழுதியவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

அப்பாவுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கி அவர் 1942இல் மறையும் வரை வந்தது, முற்றுப்பெறவில்லை. 122 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு காப்பி நேரத்துக்குள் முடியும். நடுவில் வரும் செய்யுள்கள் புரியவில்லை என்றால் தயங்காமல் தாண்டிப் போகலாம், கதை அறுந்துபோகாது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் பகுதி வரும் வரை பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். பயணம் பிடித்தவரானால் சிட்டியும் ஜானகிராமனும் காவிரிக்கரையோடு போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. கட்டுரைதான் வேண்டும் என்பவருக்குத் தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’: உப்பு, எண்ணெய், உடை என்று அன்றாடம் தொடும் பொருட்களின் பின்னால் இருக்கும் சமூக வரலாறு, நாலைந்து பக்கக் கட்டுரைகளாக.

போர், கடல், வெளிநாடு என்று பெரிய களம் தேடுபவருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப் போர்க்கால மேடானிலும் பினாங்கிலும் நடப்பது. நடை புதுசு, முதல் வாசிப்புக்கு ஏற்றதல்ல. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ இரண்டும் அப்படித்தான். குறைந்தது பத்து நாவலாவது முடித்தவருக்கு மட்டும். பிறமொழி நாவல் விரும்புபவருக்குச் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் ‘செம்மீன்’, த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. நாடி பார்த்து மரணத்தைச் சொல்லும் கிராமத்து வைத்தியரின் கதையான இதை, வீட்டில் மருத்துவம் படிப்பவர் இருந்தால் அவர் கையில் கட்டாயம் கொடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் மலிவுப் பதிப்புகள் நிறைய. சிலவற்றில் எழுத்து பொடிசு, பிழைகள் அதிகம். அட்டையில் ‘சுருக்கம்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வயதானவருக்குப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஒரே கட்டாக வரும் பதிப்பு வேண்டாம், படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது. தனித்தனிப் பாகங்களே வசதி. செவ்வியல் பதிப்புகளில் நீண்ட முன்னுரை இருக்கும், பல முன்னுரைகள் கதையின் முடிவையே சொல்லிவிடும். நாவலை முடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

செலவே வேண்டாம் என்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் கல்கியும் புதுமைப்பித்தனும் இலவசம். ஈழத்து எழுத்துகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம். கைபேசியில் படிப்பவருக்கு பிடிஎஃப் அனுப்பாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாகக் கிடைத்தால் அதை அனுப்புங்கள், எழுத்து பெரிதானாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும்.