கலைஞர்களுக்காக ஓர் அமைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வந்தவாசியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தெருக்கூத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், பல இருக்கின்றன. பம்பை, உடுக்கை, நாகசுரம், தவில் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியூர்களில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, இவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்க எண்ணுகிறோம். முதல் ஆண்டில் பெரிய கலைவிழா ஒன்றை நடத்தி, அதன் வழியாக அமைப்பை அறிமுகம் செய்யலாம் என்பது எங்கள் திட்டம். இது சரியான தொடக்கமா?
– வாசகர், வந்தவாசி

பதில்: உங்கள் எண்ணம் நல்ல எண்ணம், ஆனால் விழாவில் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விழாவுக்குத் திரட்டும் பணத்தில் பெரும்பகுதி மேடைக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் விளம்பரப் பதாகைக்கும் போய்விடும். கலைஞருக்குக் கிடைப்பது ஓர் இரவுச் சம்பளமும் ஒரு சால்வையும். மேலும், உங்கள் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களுக்கு மேடை இல்லாதது முதன்மையான குறை அன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, இரவு முழுவதும் கூத்து நடத்தி, துரியோதனன் படுகளத்தோடு முடிக்கும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் நல்ல ஜமாவுக்கு உறங்க நேரம் இராது. மழைக்காலம் தொடங்கியபின் வரும் மாதங்களில்தான் அதே கலைஞர் கட்டட வேலைக்குப் போகிறார். உங்கள் அமைப்பு தேவைப்படுவது அப்போதுதான்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் எழுதி வாருங்கள். பெயர், வயது, யாரிடம் கற்றார், எந்தெந்த வேடம் கட்டுவார், எத்தனை கூத்துகள் மனப்பாடம், எந்தக் கருவி வாசிப்பார், பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை இருக்கிறதா, அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். ஒன்றில் ‘கிருஷ்ணமூர்த்தி’ என்றும் மற்றொன்றில் ‘மூர்த்தி’ என்றும் இருந்தால், பணம் வர வேண்டிய இடத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். இதைச் சரிசெய்து தர ஒருவர் உடன் வந்தால், அந்தக் குடும்பத்துக்கு எந்தக் கலைவிழாவையும்விட அது பெரிய உதவி.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. பதிவு பெற்ற கலைஞர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, திருமண உதவி, இயற்கை மரணம், விபத்து ஆகியவற்றுக்கான உதவி என்று பல திட்டங்கள் அதன் வழியே நடைபெறுகின்றன. இது தவிர, நலிந்த நிலையில் வாழும் மூத்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மாதாந்தர நிதியுதவி வழங்குகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலன்களும் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்களில் ஒன்று காஞ்சிபுரத்தில் இயங்குகிறது. படிவங்களை அங்கே கேட்டுப் பெறலாம். மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணியில் தொடங்கிக் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருதுகள் வழங்குகின்றன. இரவு முழுவதும் ஆடிவிட்டு விடியலில் வீடு திரும்பும் ஒருவர், விருதுக்கான விளம்பரம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்வது அமைப்பின் கடமை.

கணக்கெடுக்கும்போது கருவிகளையும் வேடப் பொருள்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முகவீணை என்னும் சிறிய ஊதுகருவியை வாசிப்பவர் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள், அவர்களிடம் கற்பவர் யாரேனும் உண்டா என்று கேளுங்கள். கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. எடை கூடினால் விடிய விடிய அவற்றைச் சுமந்துகொண்டு கிறுகி, அதாவது சுழன்று, ஆட இயலாது. அந்தக் கட்டை செய்யத் தெரிந்த கை உங்கள் வட்டாரத்தில் யாருடையது என்று தெரிந்துவைப்பதும், அவரிடம் இரண்டு இளைஞர்களைக் கூலி கொடுத்துக் கற்கச் செய்வதும் மழை மாதங்களில் செய்யத் தகுந்த முதல் திட்டம் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது வேலை, கூத்து அமர்த்தும் முறையை எழுத்துக்குக் கொண்டுவருவது. வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, வாய்ப்பேச்சில் முடிவு செய்யும் வழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் மழை கொட்டினாலோ, ஊரில் இறப்பு நேர்ந்தாலோ, தேர்தல் காலக் கெடுபிடியால் அனுமதி மறுக்கப்பட்டாலோ நட்டம் முழுவதும் ஜமாவின் தலையில் விழுகிறது. எந்த நாள், எந்தக் கூத்து, எத்தனை பேர், எவ்வளவு தொகை, அது எப்போது கைக்கு வரும், நின்றுபோனால் எவ்வளவு, சாப்பாடும் வண்டியும் யார் பொறுப்பு, பெண் கலைஞர்கள் உடை மாற்ற மறைவான இடம் உண்டா ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டால் போதும். ஒலிபெருக்கி விவகாரத்தையும் அதிலேயே பேசிவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மட்டுமே மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விடியும் வரை நடக்கும் கலைக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தின் முன் வேடத்தோடு நிற்கும் நிலை கலைஞருக்கு வரக் கூடாது. கோயில் நிர்வாகத்தோடு சேர்ந்து முன்கூட்டியே பேசி, எந்த நேரத்துக்குப் பின் கருவி ஒலியோடு மட்டும் நடத்துவது என்று அமைப்பு முடிவு செய்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஓரளவு நிலைபெற்ற பின், மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ விழா நடத்துங்கள். யாரை அழைப்பது, எவ்வளவு தருவது என்பதெல்லாம் அப்போது உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

கேள்வி: அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா, சங்கமாகப் பதிவு செய்வதா? எது எளிது?
– வாசகி, திண்டிவனம்

பதில்: அறக்கட்டளை எளிது, பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். ஆனால் அதில் அதிகாரம் நிறுவியவர்களிடமும் அறங்காவலர்களிடமும் தங்கிவிடும். கலைஞர்களே உறுப்பினர்களாக இருந்து, வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் சங்கமே பொருத்தமானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, துணை விதிகளோடு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் குழுவில் 3 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைத்துப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். இதைச் சிலர் சுமை என்பார்கள். நான் இதைக் கலைஞர்களுக்கான காப்பு என்பேன்.

துணை விதிகளில் ஒன்றை மறவாமல் எழுதுங்கள்: நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் கலையையே தொழிலாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். படித்தவர்கள் செயலாளராகவும் பொருளாளராகவும் அமர்ந்துகொண்டு, கலைஞர்களைக் கூட்டத்துக்கு மட்டும் அழைக்கும் சங்கம் நீண்ட நாள் நிற்பதில்லை. காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கட்டைக்கூத்து என்பது தெருக்கூத்தின் மற்றொரு பெயர்). கூத்துக் கலைஞர்களே கூடித் தொடங்கிய அமைப்பு அது. பின்னாளில் குருகுலம் ஒன்றை நிறுவி, பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே இடத்தில் அளித்து, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளையும் பயிற்றுவித்தது. தொழில் தெரிந்தவர்கள் நிர்வாகத்தில் இருந்ததால்தான் கல்வியையும் கூத்தையும் ஒன்றாக எண்ணிப் பார்க்க முடிந்தது.

கேள்வி: பணத்துக்கு எங்கே போவது? தொழிற்சாலைகள் தருமா?
– வாசகர், செய்யாறு

பதில்: தரும், ஆனால் முதல் நாளே தராது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. பாரம்பரியக் கலைகளையும் கைவினைகளையும் வளர்ப்பது அப்பணிகளின் பட்டியலில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. ஆனால் பொதுவாக, பணத்தைப் பெறும் அமைப்புக்கு 3 ஆண்டு அனுபவமும், வருமான வரித் துறையின் அறநிலையப் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும் சான்றும், நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவு எண்ணும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கு நிபந்தனை இன்னும் கடுமை: 3 ஆண்டு இயங்கியிருப்பதோடு, அக்காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும்.

எனவே முதல் மூன்று ஆண்டுகளை ஊரின் பணத்தில்தான் கடக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் ஐம்பது பேர் மாதம் 200 ரூபாய் தந்தால் மாதம் 10,000 ரூபாய் வரும். அதில் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தினால் விண்ணப்ப வேலைகள் தடையின்றி நடக்கும். ஒன்றிய அரசின் கலாசார அமைச்சகம் குரு–சிஷ்ய முறையில் பயிற்சி தரும் குழுக்களுக்கு நிதியுதவி செய்கிறது. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் கலைக்குழுக்களுக்கு வாய்ப்புகள் தருகிறது. இரண்டுக்கும் படங்கள், நிகழ்ச்சிச் சான்றுகள், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை தேவைப்படும் என்பதால், முதல் மாதத்திலிருந்தே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: நான் சிறு வயதிலிருந்து வேடம் கட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் கலைஞர்களுக்கு அமைப்பு தொடங்கப் போவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். ஏற்கெனவே இடைத்தரகர்கள் கமிஷன் பிடிக்கிறார்கள். இவர்களும் அப்படித்தானே பிடிப்பார்கள்? சேரலாமா, வேண்டாமா?
– கூத்துக் கலைஞர், ஆரணி வட்டம்

பதில்: ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. அமைப்பு தொடங்குகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான். அவர்களிடம் மூன்று செய்திகளை நேரடியாகக் கேளுங்கள். முதலில், கமிஷன் பற்றிக் கேளுங்கள். உங்கள் ஜமாவுக்குத் தலைமுறையாக வெற்றிலை பாக்கு வைக்கும் கோயில்களின் கூத்தில் அமைப்பு ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. அந்த உறவு உங்கள் ஜமாவை நடத்திய வாத்தியார்கள் தேடிவைத்த சொத்து. அமைப்பே புதிதாகத் தேடிக் கொண்டுவரும் நிகழ்ச்சிகளுக்கு ஏதேனும் செலவுத் தொகை வேண்டுமென்றால், அதை அழைத்தவர்களிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. அடுத்து, பணம் யார் கைக்கு வரும் என்று கேளுங்கள். மொத்தத் தொகை ஒருவரிடம் போய்ப் பிறகு பங்கு பிரியும்போதுதான் மனத்தாங்கல் வளர்கிறது. அவரவர் வங்கிக் கணக்குக்கு அவரவர் தொகை நேராக வருவதே நல்லது. மூன்றாவதாக, பருவத் தொடக்கத்தில் வாத்தியாரிடம் வாங்கும் முன்பணம் பல ஜமாக்களில் நடிகரை ஆண்டு முழுவதும் கட்டிப்போடுகிறது. அந்த நேரத்தில் வட்டியில்லாமல் சிறு தொகை கடன் தர அமைப்பிடம் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர்கள் உங்கள் வாழ்க்கையைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். துணை விதிகளின் நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளை ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டா, கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டா, விலக நினைத்தால் விலக முடியுமா என்ற மூன்றும் அதில் இருந்தால் சேருங்கள். உங்கள் ஜமாவில் உள்ள மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு சேருங்கள். நிர்வாகக் குழுத் தேர்தலில் நீங்களே நில்லுங்கள்.