மலிவு ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: கேள்வி பதில்

செந்தூலிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ரூட்டரோடு வரும் மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைப் போட 150 ரிங்கிட்டுக்குள் ரூட்டர் தேடுகிறேன். எந்தப் பிராண்ட் நல்லது?

பிராண்டை விடுங்கள் தம்பி, உள்ளே என்ன சிப் என்று பாருங்கள். மீடியாடெக், குவால்காம் என்றால் பெரும்பாலும் நம்பி இறங்கலாம். பிராட்காம் வேண்டாம், அதன் வைஃபையை இயக்கும் நல்ல திறந்த மென்பொருள் (டிரைவர்) கிடையாது. ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் சேமிப்பிடம்) 16 எம்பிக்கும், ரேம் (வேலை நினைவகம்) 128 எம்பிக்கும் குறையக் கூடாது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள பழைய ரூட்டர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்போடு ஆதரவு நின்றுவிட்டது. பழைய பொருள் பரவாயில்லை என்றால், டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரூட்டரின் வி4 அல்லது வி5 (4, 5-ஆம் பதிப்பு) தேடிப் பாருங்கள். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இரண்டிலும் உண்டு.

கிள்ளானிலிருந்து ஒருவர்: ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் ரூட்டரின் மாடல் பெயர் இருந்தால் போதும்தானே?

போதாது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில், உள்ளே வேறு பொருளை வைத்து விற்பார்கள். ஆர்ச்சர் சி6 வி2-வில் குவால்காம் சிப், வி3-இல் மீடியாடெக். ஒன்றுக்கான மென்பொருள் கோப்பை இன்னொன்றில் ஏற்றவே கூடாது.

இது புதிய கதையும் இல்லை. 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்ததே லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் மூலநிரல் வெளியானதால்தான். அதே ரூட்டரின் 5-ஆம் பதிப்பில் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை வைத்தார்கள். ஃபிளாஷ் 2 எம்பியாகவும் ரேம் 8 எம்பியாகவும் சுருங்கின. பெயர் மட்டும் மாறவில்லை.

நானும் ஒருமுறை மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கி, வீட்டில் திருப்பிப் பார்த்தபோதுதான் ஆதரவே இல்லாத பதிப்பு என்று தெரிந்தது. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். லோ யாட் பிளாசாவில் வாங்கினால், காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லி அடியில் உள்ள ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ஷோப்பீயில் என்றால் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: என் வீட்டில் யூனிஃபை ஃபைபர் இணையம். ரூட்டரை மாற்றினால் லைன் வருமா?

வரும். ஃபைபர் நுழையும் பெட்டியைத் தொடாதீர்கள், அதற்கு அடுத்துள்ள ரூட்டரை மட்டும் மாற்றுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி அமைப்புகளில் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் பிபிபிஓஇ (PPPoE, பயனர் பெயர் கொடுத்து இணையும் முறை) தேர்ந்தெடுத்து, விலான் (VLAN, ஒரே லைனில் சேவைகளைப் பிரிக்கும் எண்) 500 கொடுக்க வேண்டும். டிவிப் பெட்டிக்கு 600. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பழைய ரூட்டரைக் கழற்றும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி முடித்தேன் அண்ணா, வைஃபை பெயரே வரவில்லை. ரூட்டர் கெட்டுவிட்டதா?

இல்லைம்மா, பயப்படாதீர்கள். புதிதாக ஏற்றியதும் வைஃபை அணைந்துதான் இருக்கும். கணினியை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, உலாவியில் 192.168.1.1 திறங்கள். முதலில் நிர்வாகக் கடவுச்சொல் வையுங்கள். அப்புறம் வயர்லெஸ் பக்கத்தில் நாட்டை மலேசியா என்று மாற்றி, வைஃபைக்கும் கடவுச்சொல் கொடுத்து, இயக்குங்கள். பெயர் வந்துவிடும்.