கேள்வி பதில்: பாட்டு சி.டி.களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது

கேள்வி: என்னிடம் சுமார் 600 பாட்டு சி.டி.கள் உள்ளன. எம்.பி.3 ஆக மாற்றினால் போதுமா, ஃப்ளாக் (FLAC) என்ற ஃபைல் வகை தேவையா?

பதில்: ஃப்ளாக்கிலேயே எடுத்துவிடுங்கள். எம்.பி.3 இடத்தை மிச்சப்படுத்த ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது; கழிந்தது திரும்பாது. ஃப்ளாக்கில் சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி அப்படியே இருக்கும். ஒரு மணி நேர சி.டி. 600 எம்.பி. சொச்சம்; ஃப்ளாக்கில் பெரும்பாலும் 300 முதல் 400 எம்.பி. ஆக, மொத்தமும் 240 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை நகலுக்கென்றே ஒதுக்குங்கள். போனுக்கு எம்.பி.3 வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். 600 சி.டி.களை இன்னொரு முறை டிரைவில் போட்டு எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கேள்வி: மாற்றிய பாட்டுகளில் சில இடங்களில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. ஏன்?

பதில்: கீறல் விழுந்த இடத்தைப் படிக்க முடியாதபோது, டிரைவ் முன்பின் ஒலியை வைத்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம் பொய்த்தால் 'டிக்'. சாதாரண மென்பொருள்கள் டிரைவ் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் 'செக்யூர்' முறையையோ, மேக்கில் எக்ஸ்.எல்.டி.யையோ பயன்படுத்துங்கள். இவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், அதே சி.டி.யை எடுத்த மற்றவர்களுக்குக் கிடைத்த முடிவோடு அக்யூரேட்ரிப் என்ற இணையப் பதிவேடு வழியாக ஒப்பிட்டும் சொல்லும். அதில் பதிவாகாத சி.டி. என்றால் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள்; ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படிக்கும். இரண்டு முறையும் ஒரே சி.ஆர்.சி. எண் (படித்த ஒலியிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

வராவிட்டால் சி.டி.யை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது: தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய தகவல் போய்விடும், டிரைவால் சரிக்கட்ட முடியாது. அப்புறம் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படித்துவிடுவது உண்டு. லேபிள் பக்கத்துக் கீறல்தான் மோசம். ஒலியைத் தாங்கும் பளபளப்புப் பூச்சு லேபிளை ஒட்டியே இருக்கிறது. அது உரிந்தால் பாலிஷ் எதுவும் உதவாது.

கேள்வி: ஒரே ஆல்பம் பத்துப் பதினைந்தாகச் சிதறித் தெரிகிறதே?

பதில்: பல பாடகர்கள் பாடிய தொகுப்பாக இருக்கும். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயர் கொடுங்கள். இரட்டை சி.டி. என்றால் 'டிஸ்க் நம்பர்' 1, 2 என்று இடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முதல் பாட்டுகள் அடுத்தடுத்து வரும். பழைய மென்பொருள் பெயர்களையே கொண்டுவரவில்லையா? பாட்டுப் பெயர்களுக்காகப் பல மென்பொருள்கள் நம்பியிருந்த ஃப்ரீடிபி என்ற இணையச் சேவை 2020இல் மூடப்பட்டது, அதே வேலையைச் செய்யும் மியூசிக்பிரெயின்ஸுக்கு மாறுங்கள். தானாக வரும் பெயர்களில் எழுத்துப் பிழை சகஜம். சி.டி. அட்டை கையில் இருக்கும்போதே சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.