ஆடிப்பட்டம் டர்பனில் செல்லுமா? பூவும் இலையும் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாதக் கணக்கில்தான் இடறுகின்றன. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அது தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்ன சொல். இங்கே, தென் ஆப்பிரிக்காவில் நம் பக்கம், ஆடி என்றால் நடுக்குளிர், வானம் காய்ந்து கிடக்கும் காலம். நமக்கு மழை அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை பெய்கிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்த நம் முன்னோர் கரையிறங்கியது நவம்பர் 16, கார்த்திகை பிறக்கும் சமயம். ஊரில் அடைமழை பெய்துகொண்டிருக்கும் மாதத்தில், இங்கே கோடை ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். அவர்கள் மண்ணைப் பார்த்து விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். நாமும் அதையே செய்வோம்.

ஆடி பிறந்ததும் முருங்கைப் போத்து நட்டேன். ஒரு மாதத்தில் அடி கறுத்து அழுகிவிட்டது. மண் சரியில்லையா? (சாட்ஸ்வொர்த்)

மண்ணைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன், நாலு போத்தும் போயிற்று. குளிர்ந்த மண்ணில் முருங்கை வேர் விடாது. வேரில்லாத தண்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகத்தான் செய்யும். செப்டம்பர் நடுவில், காலை மண்ணைத் தொட்டால் சில்லென்று இல்லாத நாளில் நடுங்கள். மணிக்கட்டு கனத்தில், ஒரு மீட்டர் நீளத்தில் முற்றிய கிளையை வெட்டி, வெட்டுவாய் காயும்படி இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துவிட்டு ஊன்றுங்கள். துளிர் காணும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும்.

பூ எடுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையில் மரத்தடியில் பழைய துணியை விரித்துக் கிளையை மெல்ல உலுக்குங்கள். அன்றைக்கு உதிர வேண்டிய பூ மட்டும் விழும், காய் பிடிக்க வேண்டியது மரத்திலேயே நிற்கும். பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்ய அதுவே போதும்.

சித்திரைப் பிறப்புக்குப் பச்சடி வைக்க எங்கள் வேப்பமரத்தில் ஒரு பூக்கூட இல்லை. மரத்துக்கு நோயா? (பீனிக்ஸ்)

நோய் இல்லை. ஏப்ரல் இங்கே இலையுதிர் காலம். வேம்பு குளிர் கழிந்து வெயில் ஏறும்போது பூக்கிற மரம், ஊரில் அந்த நேரம் பங்குனி, சித்திரையில் வருகிறது. நம் மரம் வசந்தத்தில் பூக்கும்போது சேகரித்து, நிழலில் சருகாக உலர்த்தி, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வையுங்கள். சித்திரை வரை கெடாது. நெய்யில் வறுத்துப் பச்சடியில் போட்டால் புதுப்பூவை விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஓடைக்கரையில் சிவப்பு அகத்தி போல ஒரு செடி காடாக வளர்ந்து பூத்திருக்கிறது. பொரியல் செய்யலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டவே வேண்டாம். இந்தக் கேள்வியை நீங்கள் சமைப்பதற்கு முன்பே கேட்டதற்கு நன்றி. நீங்கள் சொல்கிற இடமும் நிறமும் வைத்துப் பார்த்தால் அது செஸ்பேனியா பியூனிசியா. அகத்திக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் நஞ்சு. விதையில் நஞ்சு மிக அதிகம், பூவும் இலையும்கூட ஆகாது. ஆடு, மாடு, கோழி இதைத் தின்று செத்துப்போகும்.

தென் அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்து, ஆற்றுத் தண்ணீரோடு விதை போய், கரையெல்லாம் பிடித்துக்கொண்டது. இதை அடக்க அதே தென் அமெரிக்காவிலிருந்து மூன்று வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று மொட்டைத் தின்னும், ஒன்று விதையை, ஒன்று தண்டைத் துளைக்கும். சட்டத்தில் இது 1பி வகை ஆக்கிரமிப்புச் செடி, நம் நிலத்தில் இருந்தால் அகற்றுவது நம் கடமை.

அடையாளம் சொல்கிறேன், குழந்தைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். நம் அகத்திப்பூ விரல் நீளத்துக்கு, பிறை போல் வளைந்து, கனமாக இருக்கும். காய் ஓர் அடிக்கு மேல் நீண்டு மெல்லிசாகத் தொங்கும். அந்தச் செடியின் பூ கட்டைவிரல் நுனி அளவுதான், ஆரஞ்சு கலந்த சிவப்பில் கொத்தாகத் தொங்கும். காய் விரல் நீளமே, நாலு பக்கமும் சிறகு போல விளிம்பு இருக்கும், காய்ந்தால் உள்ளே விதை கலகலக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நம் அகத்தியிலும் சிவப்பு உண்டு. காய்தான் பொய் சொல்லாது.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், ஒரு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அகத்தி வேண்டுமென்றால் நம்பகமானவரிடம் விதை வாங்கி அக்டோபரில் ஊன்றுங்கள், வேகமாக வளரும். சமைக்கும்போது பூவின் நடு நரம்பைக் கிள்ளிவிட்டால் கசப்பு குறையும்.

தீபாவளி முடிந்து போடுகிற தனியா எல்லாம் ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. (டோங்காட்)

வெயில் ஏறினால் கொத்தமல்லி பிள்ளை பெறத்தான் அவசரப்படும், இலை விடாது. கடற்கரை ஊர்களில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரைதான் அதன் காலம். ஆக, ஆடிப்பட்டம் நமக்கு எதற்காவது உதவும் என்றால் இதற்கு உதவும்! விதையை இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து, இருக்கும் இடத்திலேயே விதையுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு ஒரு கைப்பிடியாகப் போட்டு வந்தால் இலை ஓயாது. பூத்ததைப் பிடுங்கி எறியாதீர்கள். பூவை ரசத்தின் மேல் தூவலாம், பச்சை விதையை நசுக்கிச் சட்னியில் போட்டால் அந்த மணமே தனி.

ஜூன் வந்தால் எங்கள் கறிவேப்பிலை மொட்டையாகிவிடுகிறது. (லெனேசியா)

டர்பன்காரர்கள் வீட்டு மரத்தோடு ஒப்பிட்டு வருந்தாதீர்கள். உங்கள் ஊரில் உறைபனி உண்டு, இலை கொட்டினால் பாதகமில்லை, வேர் உறையாமல் காக்க வேண்டும். சிறுசாக இருக்கும்வரை தொட்டியில் வைத்து, மே கடைசியில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கில் சாய்ந்து போகும், அந்த ஜன்னலில்தான் நாள் முழுக்க வெயில். தண்ணீரைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். இலையில்லாத செடி குடிக்காது. ஆகஸ்டில் நுனிகளைக் கிள்ளி, மக்கு எரு போடுங்கள். பூங்கொத்து வந்தால் ஒடித்துவிட்டால் இலை தழைக்கும்.

சங்குப்பூ விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது. (வெருலம்)

தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு வெந்நீரில் ஊறவைத்து, செப்டம்பரில் ஊன்றுங்கள். பூவை மட்டும் பயன்படுத்துங்கள், விதை வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. நீலத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவது புளிப்பால்தான், கெட்டுப்போனதால் இல்லை.

கோயில் மாலையில் வந்த துலுக்கச் செவ்வந்தியைச் சாலட்டில் போடலாமா? (ஒருவரல்ல, மூவர் கேட்டது)

கூடாது. கடையில் விற்கும் பூ சாமிக்கும் கூந்தலுக்கும் வளர்த்தது, அதில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அதே மாலையிலிருந்து விதை எடுத்து நடுங்கள். உங்கள் தோட்டத்தில் மருந்தில்லாமல் பூக்கிற இதழை, அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதியை நறுக்கிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் ஓர் இதழோடு நிறுத்துங்கள்.

செம்பருத்தி மொட்டை விரியவே விடாமல் குரங்குகள் தின்றுவிடுகின்றன. (ஷால்க்ராஸ்)

செம்பருத்தி அவற்றுக்கு மிட்டாய். நீங்கள் சமைக்க நினைத்த செடிகள் இரண்டை மட்டும் குழாய்ச் சட்டம் போட்டு வலையால் முழுக்க மூடுங்கள். இழுத்துக் கட்டாமல் தளர்வாக விட்டால் அவை ஏறப் பயப்படும். வேலியோரச் செடியைக் குரங்குக்கே விட்டுவிடுங்கள், அது அவற்றின் ஊரும்தான். விஷம், கல், பெல்லட் துப்பாக்கி எதுவும் ஆகாது, குட்டி சுமக்கும் தாய்க்குரங்கு அடிபட்டு நான் பார்த்திருக்கிறேன், இரண்டும் பிழைக்கவில்லை. புதினா, துளசி, திருநீற்றுப் பச்சிலை இவற்றை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

பக்கத்து வீட்டு ஜூலு பாட்டி ஊதாப் பூ பூக்கிற காட்டுப்பூண்டுச் செடி கொடுத்தார். சமைக்கலாமா? (உம்சிந்தோ)

சமைக்கலாம், அருமையான செடி. வீட்டைச் சுற்றி நட்டால் பாம்பு வராது என்றும் ஜூலு மக்கள் சொல்வார்கள். இலையை வெங்காயத்தாள் போல நறுக்கிப் போடுங்கள், பூ சாதத்தின் மேல் தூவ அழகு, வாசனை. எந்த மண்ணிலும் வரும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அகபாந்தஸும் இதே போல் நீள இலை, ஊதா நீலப் பூ. அது உண்ணக்கூடாதது. ஒவ்வொரு முறையும் பறித்த இலையைக் கசக்கி முகருங்கள். பூண்டு மணம் மூக்கில் ஏறினால் சட்டிக்கு, ஏறாவிட்டால் குப்பைக்கு.