ஐம்பது வருட சிங்கிள் ஓனர் எம்.ஜி.பி.: ஃபைலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கிறேன். 1968-ல் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரையுள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருக்கிறது. 1973-ல் அதை வாங்கிய பெரியவர் கடைசிவரை அவரே வைத்திருந்தார். போன வருடம் காலமாகிவிட்டார், மகள் விற்கிறார். பில், ரசீது, எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனைச் சான்றிதழ் என்று இரண்டு தடித்த ஃபைல்கள் இருக்கின்றன. மீட்டர் 43,000 மைல் காட்டுகிறது. மற்ற 1968 வண்டிகளைவிட 4,000 பவுண்டு கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஃபைலில் இருப்பது வண்டியிலும் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள, முதல் தடவை போகும்போது காரிடம் போகாதீர்கள். அந்தச் சிவப்பையோ பச்சையையோ பார்த்தால் மனசு போய்விடும். ஃபைல்களைக் கேட்டு வாங்கி, மேசையில் உட்கார்ந்து, தேதிவாரியாக அடுக்குங்கள்.

முதலில் வெல்டிங் பில்லைத் தேடுங்கள். ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். ரோட்ஸ்டருக்கு மேலே கூரையும் இல்லை. வண்டியைத் தாங்குவது கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற பாகம், சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு என்று அடுக்காக இருக்கும். குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் தூவும் உப்பு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். இத்தனை வருடத்தில் ஒரு வெல்டிங் பில்கூட இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். முறையாகச் செய்த பில்லில் உள்தகடும் வெளித்தகடும் தனித்தனியாக வரும், கூலி மணிக்கணக்கு பெரிதாக இருக்கும். முன் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திரும்ப வைத்ததும் எழுதியிருக்கும், ஏனென்றால் சில் அதற்கு உள்ளேயும் ஓடுகிறது. ‘எம்.ஓ.டி.க்காக ஒட்டு வேலை’ என்று சின்னத் தொகைக்கு ஒரு பில் மட்டும் இருந்தால், முழு வேலையும் உங்கள் தலையில்தான் விழும். இரண்டு பக்கமும் சரியாக மாற்றினால் சில ஆயிரம் பவுண்டு போய்விடும். கூடுதலாகக் கேட்கும் 4,000-ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நண்பருக்காக ஒருமுறை இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். 3,000 மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியது, ஸ்டியரிங் கிங்பின்னுக்குக் கிரீஸ் வைத்தது எல்லாம் ஓனரின் கையெழுத்தில் அழகாக இருந்தது. முட்டி போட்டுக் குனிந்து, துணி சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில்லில் வைத்தேன். நிற்காமல் வழுக்கி விழுந்தது. பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் புதுத்தகடு, அதற்கும் அடியில் மக்கிப்போன பழைய சில். ஓனர் பொய் சொல்லவில்லை. வேலை செய்த கராஜ் மூடி மறைத்து முழுப் பணமும் வாங்கியிருந்தது; அவருக்கு அது அன்றுதான் தெரிந்தது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே காந்தம் எடுத்துப் போங்கள். சில் திடமாக இருந்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கினாலும் கதவு வழக்கம்போலத் திறந்து மூடும். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து பேட்டரித் தட்டையும் பாருங்கள், துரு பிடிக்க அது பேர்போன இடம்.

மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான், ஒரு லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். 43,000-ஆ 1,43,000-ஆ என்பதைப் பில்களில் குறித்திருக்கும் மைல் சொல்லிவிடும். என்ஜின் எண் மாறியிருந்தால் பதறாதீர்கள். அந்தக் காலத்தில் கம்பெனியே புதுப்பித்து விற்ற ‘கோல்டு சீல்’ என்ஜினை மாட்டுவது சகஜம். பில் இருந்தால் போதும். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள்.

கடைசிப் பில்லின் தேதிதான் பலர் பார்க்காமல் விடுவது. வயதானவர் கடைசி ஐந்தாறு வருடம் ஓட்டாமலே வைத்திருக்கலாம். பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும், பெட்ரோல் கெட்டிருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். கடைசி இரண்டும் டயர் தயாரான வருடம். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுங்கள். பின்னாலிருந்து எஸ்.யூ. என்கிற பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று சில தடவை அடித்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெட்ரோல் கசிகிறது, அல்லது காற்று இழுக்கிறது.

40 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. கட்டாயமில்லை. ஆனாலும் நாமே விரும்பிச் செய்துகொள்ளலாம். காருக்கு அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டு; அதைக் கட்ட விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீங்களே கட்டுங்கள்.

கேள்வி: லாக்புக் (வண்டிப் பதிவுப் புத்தகம்) இன்னும் அந்தப் பெரியவர் பெயரில்தான் இருக்கிறது. வாங்கிய பிறகு பிரச்சினை வந்தால் மகளிடம் கேட்க முடியுமா?

பதில்: வி5சி என்கிற அந்த லாக்புக் உரிமைப் பத்திரம் அல்ல. அதிலேயே அப்படி அச்சடித்திருக்கும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மகளுக்குத்தானா, வேறு வாரிசு உண்டா என்று மரியாதையாகக் கேட்டு, அதற்கான தாளைப் பாருங்கள். டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாரிடம் அது கிடையாது. விளம்பரத்தில் சொன்னபடி வண்டி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் விளம்பரத்தைச் சேமித்து வையுங்கள். ரசீதில் வண்டி எண், சேஸிஸ் எண், ‘1973 முதல் ஒரே உரிமையாளர்’, ‘ஃபைல்கள் இரண்டும் வண்டியோடு சேர்த்து’ என்று எழுதி, உயிலை நிறைவேற்றுபவர் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தை அனுப்புங்கள்.